தைராய்டு மாத்திரை போட்டும் டயர்டா? ஜிம்முக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

“தைராய்டுக்கு மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனாலும் சாயங்காலம் ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுது. ஜிம்ல சேரலாமா, இல்ல ரெஸ்ட் எடுக்கணுமா?”

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பொத்தேரி பக்கம் இருபது, முப்பது வயதுகளில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வி சகஜமாகக் காதில் விழுகிறது. இதற்கு நம் வீடுகளில் இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. ஒன்று, “எல்லாம் சோம்பேறித்தனம். நாலு நாள் ஓடினா தானா சரியாயிடும்.” இன்னொன்று, “உனக்குத்தான் தைராய்டு இருக்கே, உடம்பை அலட்டிக்காதே.”

இரண்டுமே தப்பு. முதல் பதில் ஒரு நோயைக் குணக்கேடாகப் பார்க்கிறது. இரண்டாவது பதில், சரியாகக்கூடிய ஒரு குறைபாட்டை ஆயுள் தண்டனையாக மாற்றுகிறது. உண்மையில் இங்கே முக்கியம் வரிசை. முதலில் மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேர வேண்டும். அடுத்து டிஎஸ்எச் அளவு சரியாக வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி உடற்பயிற்சி படிப்படியாக ஏற வேண்டும். இந்த வரிசையைக் கெடுப்பது பெரும்பாலும் நம் மன உறுதி இல்லை, நம் காலை நேரம்தான். எப்படி என்று பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு பெரிய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு, அதாவது ஹைப்போதைராய்டிசம் இருந்தது. பெண்களில் இது கிட்டத்தட்ட 16 சதவீதம், ஆண்களில் 5 சதவீதம். அந்த விகிதப்படி பார்த்தால், நம் புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம்.

எனவே இது யாரோ சிலருடைய தனிப்பட்ட சங்கடம் இல்லை. ஜிஎஸ்டி சாலையில் ‘90 நாள் சேலஞ்ச்’ என்று போர்டு வைக்கும் ஒவ்வொரு ஜிம்மிலும், ‘ஸ்டெப் சேலஞ்ச்’ நடத்தும் ஒவ்வொரு ஐடி நிறுவனத்திலும் இவர்கள் இருக்கிறார்கள்.

சுரப்பு குறைந்தால் ஏன் சோர்வு?

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி முக்கியமாக டி4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பு அதை டி3 ஆக மாற்றிப் பயன்படுத்துகிறது. செல்கள் எவ்வளவு வேகமாகச் சக்தியை எரிக்க வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இந்த டி3-க்குப் பெரிய பங்கு உண்டு.

டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ஆபீஸ் பாஷையில் சொன்னால் மேனேஜர் அனுப்பும் மெயில். வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றிரண்டு மெயிலோடு முடிந்துவிடும். நடக்கவில்லை என்றால் ரிமைண்டர் மேல் ரிமைண்டர் வரும். தைராய்டு ஹார்மோன் குறையும்போது டிஎஸ்எச் ஏறுவது இதனால்தான்.

ஹார்மோன் குறைவாக இருக்கும்போது, உழைப்புக்கு ஏற்ற வேகத்தில் இதயத்தால் ரத்தத்தை அனுப்ப முடியாது. தசைகளில் வலியும் பிடிப்பும் வரும். தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் ‘சிகே’ என்ற நொதி, இவர்களில் பலருக்கு ஜிம் பக்கமே போகாமல்கூட அதிகமாக இருக்கும். இந்த நிலையில் ஒருவர் முதல் நாளே ஐம்பது ஸ்குவாட் போட்டால், மற்றவர்களுக்கு ஒரு நாளில் போகும் வலி இவருக்கு நாலைந்து நாள் நீடிக்கலாம். “ஃபர்ஸ்ட் வீக் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், புஷ் பண்ணுங்க” என்று டிரெய்னர் சொல்வது இவருக்குப் பொருந்தாது.

மாத்திரை ஆரம்பித்து பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. லெவோதைராக்ஸின், அதாவது நாம் ‘தைராய்டு மாத்திரை’ என்று சொல்லும் மருந்து, தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் வேலை காட்டாது. உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் போடப்போட அது மெல்லச் சேர்ந்து, ஒரே சீரான அளவுக்கு வர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். ஒரு நாள் மழையில் நந்திவரம் ஏரி நிரம்பாது. இதுவும் அப்படித்தான்.

டாக்டர்கள் மாத்திரை ஆரம்பித்த பிறகோ, டோஸை மாற்றிய பிறகோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் டிஎஸ்எச் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். டெஸ்ட் நார்மல் ஆன பிறகும் தசைகள் பழைய பலத்துக்கு வர இன்னும் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். ஆக, மாத்திரை ஆரம்பித்த அதே வாரத்தில் ஜிம்முக்கு வருட சந்தா கட்டுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அவசரம். அதே பணத்தை இரண்டு மாதம் கழித்துக் கட்டினால் அதிகம் பயன்படும்.

காபியா, ரயிலா, மாத்திரையா?

கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல்.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். அதற்குப் பிறகு 30 முதல் 60 நிமிடம் வரை காபி, டீ, பால், சாப்பாடு எதுவும் கூடாது. காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அல்சருக்கான ஆன்டாசிட், சோயா, கால்சியம் சேர்த்த புரோட்டீன் பவுடர் ஆகியவற்றிலும் கவனம் தேவை.

பேப்பரில் படிக்க இது சுலபம். ஆனால் கிண்டிக்கோ பூங்காவுக்கோ பீக் அவர் ரயிலைப் பிடிக்கிறவர்கள், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரிக்கு கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள், மஹிந்திரா சிட்டியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? அதுவும் வீட்டுக்கே காபி போட்டு, டிபன் கட்டி, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஓடும் பெண்ணுக்கு? கைக்கு வந்த மாத்திரையை வாயில் போட்டு, பத்தாவது நிமிடம் டிகாக்‌ஷன் காபி குடித்துவிடுகிறார். மாத்திரை தினமும் உள்ளே போகிறது, ஆனால் முழுசாகச் சேருவதில்லை. டிஎஸ்எச் ஏறுகிறது, டோஸ் கூட்டப்படுகிறது, சோர்வு மட்டும் போவதே இல்லை.

நம் ஊரில் “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்கிறார்கள். “எத்தனை மணிக்குப் போடுறீங்க, காபி எத்தனை மணிக்கு?” என்று கேட்பது குறைவு. இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இரவு மாத்திரை. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், காலையில் போடுவதைவிடப் படுக்கும் நேரத்தில் போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு நன்றாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது சரிவராது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, உங்களுக்கு எது தினமும் தவறாமல் நடக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அந்த வெறும் வயிற்று நேரத்தையே நடைப்பயிற்சி நேரமாக்கிவிடுவது. எழுந்ததும் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், செருப்பை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் வெளியே. திரும்பி வரும்போது காபி குடிக்கலாம். மாத்திரைக்கான காத்திருப்பும் உடற்பயிற்சியும் ஒரே செலவில் முடிந்துவிடும். சென்னையின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த விடியல் நேரம்தான் தோதும்கூட. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நடக்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை பாட்டிலை பைக் டிக்கியிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றுமே இந்த மருந்தைக் கெடுக்கும்.

சரி, எவ்வளவு பயிற்சி செய்யலாம்?

*டிஎஸ்எச் இன்னும் அதிகமாக இருக்கும்போது:* நடை, மெதுவான சைக்கிளிங், எளிய யோகா போதும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. 15 நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் நடைபாதை 8 கிலோமீட்டர். நல்ல திட்டம். ஆனால் நீங்கள் முதல் நாளே எட்டையும் நடந்து முடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

*டிஎஸ்எச் சரியான பிறகு:* உங்களுக்கும் மற்றவர்களுக்கும் இலக்கில் வித்தியாசம் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது இதுதான். வெயிட் தூக்கலாம், ஓடலாம், பாட்மின்டன் ஆடலாம். எடையையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாமல் இருந்தால் போதும்.

*அளவு மீறியதா என்று எப்படித் தெரியும்?* மறுநாள் காலை உடம்பே சொல்லும். இன்றைய பயிற்சியின் களைப்பு நாளை மறுநாளும் இருந்தால், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஹார்ட் ரேட் ஜோனை’ மட்டும் நம்பி ஓடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் இதயத்துடிப்பு மாறும் என்பதால் அந்தக் கணக்கு உங்களுக்குத் தப்பாகலாம்.

நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போவது – இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் தசை வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடற்பயிற்சி மாத்திரைக்கு உதவுமா? சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், மாத்திரை எடுத்துவரும் நோயாளிகளிடம் நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் பயிற்சி செய்தவர்களின் டிஎஸ்எச் குறைந்திருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான், அதை வைத்து மாத்திரையைக் குறைக்க முடியாது. ஆனால் “தைராய்டு இருக்கு, அதனால உட்காரு” என்று சொல்வதற்கு எதிராக அது ஒரு நல்ல சாட்சி.

டிஎஸ்எச் நார்மல், ஆனாலும் டயர்டுதான்

இதுவும் நடக்கும். மாத்திரையால் டிஎஸ்எச் சரியானவர்களிலும் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சோர்வு போன்ற தொந்தரவுகள் தொடர்கின்றன என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தைராய்டு தலையிலேயே கட்டிவிட்டால் வேறு காரணங்கள் தப்பித்துவிடும்.

முதல் சந்தேகம் ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அடுத்து வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை, மன அழுத்தம், குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு. கடைசியாக நம் ஏரியாவின் ஸ்பெஷல் காரணம், தூக்கமே போதாதது. தினமும் போக வர மூன்று மணி நேரம் பயணம் செய்துவிட்டு, ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்கு எந்த மாத்திரையும் எனர்ஜி தராது. அவர் ஜிம்முக்காக இன்னும் ஒரு மணி நேரத் தூக்கத்தை வெட்டுவது நஷ்டக் கணக்கு. வாரத்தில் மூன்று நாள் நடை, மீதி நாள் நல்ல தூக்கம் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டெஸ்டுக்குப் போகும் முன் ஒரு விஷயம். முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் சப்ளிமென்ட்களில் பயோட்டின் இருக்கும். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் சில லேப்களின் பரிசோதனை முறையில் டிஎஸ்எச் தவறாகக் குறைத்துக் காட்டும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுவது நல்லது. லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கூட ஒரு மாத்திரை போட்டா எனர்ஜி ஏறுமா?

‘வெயிட் குறையும், சுறுசுறுப்பு வரும்’ என்று தாங்களாகவே டோஸைக் கூட்டுகிறவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான ஷார்ட்கட் கிடையாது. தேவைக்கு மேல் போனால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாள்பட்டால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு மெலியும், தசையும் கரையும். உடல் எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது.

எடை விஷயத்தில் இன்னொரு உண்மையும் தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நாலரை கிலோதான். அதிலும் பெரும் பங்கு உப்பும் நீரும். ‘தைராய்டு வெயிட் லாஸ் பேக்கேஜ்’ என்று பதினைந்து கிலோ குறைத்துக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை அந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை கெயில் டெவர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயால் அவர் கால்கள் வீங்கி நடக்கவே முடியாத நிலைக்குப் போனார். முதலில் சிகிச்சை, பிறகு ஹார்மோன் மாத்திரை, அதற்குப் பிறகுதான் மைதானம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். 1996 அட்லாண்டாவில் மறுபடியும் வாங்கினார். மாத்திரை போடுகிறவரால் ஓட முடியும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்த வரிசையைத்தான் நாம் மறந்துவிடக் கூடாது.

கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் – உங்களுக்கான டிஎஸ்எச் இலக்கும் டோஸும் வேறு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள்.

யார் என்ன செய்யலாம்?

ஜிம்கள்: அட்மிஷன் ஃபாரத்தில் சர்க்கரை, பிபி-யோடு தைராய்டையும் கேளுங்கள். கேட்ட பிறகு அதற்கேற்ப முதல் இரண்டு மாத ஷெட்யூலை மாற்றுங்கள். “தைராய்டா? எக்ஸ்ட்ரா கார்டியோ போட்டா போயிடும்” என்பது பயிற்சி இல்லை, அறியாமை.

நிறுவனங்கள்: பத்தாயிரம் ஸ்டெப்புக்குப் பரிசு கொடுப்பதை விட, காலை லாக்-இன் நேரத்தில் அரை மணி நேரம் நெகிழ்வு கொடுத்தால் அது நிஜமான ஆரோக்கியத் திட்டம்.

அரசு: 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. லெவோதைராக்ஸின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரைதான். ஆயுள் முழுக்கத் தினமும் தேவைப்படும் இந்த மருந்துக்கும், வருடாந்திர டிஎஸ்எச் பரிசோதனைக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள்: உங்களிடம் கேட்பது பணமோ அறிவுரையோ இல்லை, காலையில் நாற்பத்தைந்து நிமிடம். அம்மா, மனைவி, அக்கா யாராக இருந்தாலும் அவர் மாத்திரை போட்ட பிறகு அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். காபியை நீங்களே போட்டுக் குடியுங்கள். அவர் நடந்துவிட்டு வரட்டும். திரும்பி வரும்போது அவருக்கும் ஒரு டம்ளர் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.